மீட்டர் போர்டில் ஆறு விநாடி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில், ஞாயிறு காலை பாவித்த கார் பார்க்க வருகிறவர்களைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். பொனட்டைத் திறந்து குனிந்து நிற்பார்கள். கதவு விளிம்பில் விரலை ஓட்டி, கம்பனிப் பெயின்டா, கராஜ் பெயின்டா என்று தடவிப் பார்ப்பார்கள். ஏசி குளிர்கிறதா, லீற்றருக்கு எவ்வளவு ஓடும், எத்தனை கை மாறியது என்று வரிசையாகக் கேள்விகள் வரும். துணைக்கு வந்த மாமா டயரை ஓர் உதை உதைப்பார். சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டில் எரிந்து, ஏறக்குறைய ஆறு விநாடியில் அணைய வேண்டிய ஒரு சின்ன விளக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பட்டி போட்டு அமர்ந்திருக்கும் ஓர் ஆள், அவர் முகத்துக்கு முன்னால் ஒரு பந்து. எயார் பேக்கின் விளக்கு அதுதான்.

லட்சக்கணக்கில் விலை பேசும்போது ‘டபுள் எயார் பேக்’ என்பது விளம்பரத்தில் தவறாமல் வரும் சொல். இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேலை செய்கிறதா என்று கேட்கிறவரைக் காண்பது அரிது.

காரின் முன்பகுதி ஏதோ ஒன்றில் பலமாக மோதுகிறது. வேகம் சட்டென்று விழுவதை உணரிகள் உணர்ந்து, நடுவில் இருக்கும் சிறு கணினிக்குச் சொல்கின்றன. அது கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் தீர்ப்புச் சொல்லிவிடும்: விரி, அல்லது விரியாதே. விரி என்றால் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் உலோகக் குப்பியில் வேதிப்பொருள் பற்றி எரிந்து வாயுவைக் கக்கும். ஒரு விநாடியை இருபதாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டுக்குள் பை நிறைந்து சாரதிக்கு முன்னால் நிற்கும். தலை வந்து அமிழும்போது, பின்புறத் துளைகள் வழியே காற்று வெளியேறிப் பை தளரும். மெத்தை போல மென்மையாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம். முகத்தில் ஓங்கி அறைந்தது போலிருக்கும். முன்கை உராய்ந்து தோல் போகும், மூக்குக் கண்ணாடி நொறுங்கலாம், சிலருக்கு மணிக்கட்டு முறியும், காதுக்குள் சற்று நேரம் இரையும், காருக்குள் வெண்பொடி பறக்கும். பதிலுக்கு, ஸ்டியரிங்கில் மண்டை போய் மோதுவதும், நெஞ்செலும்பு நொறுங்குவதும் தவிர்க்கப்படும். நல்ல பண்டமாற்றுத்தான்.

எவ்வளவு நல்லது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1987 முதல் 2017 வரை முன்பக்க எயார் பேக்குகள் காப்பாற்றிய உயிர்கள் 50,457 என்று அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டிருக்கிறது. நேருக்கு நேர் மோதலில் எயார் பேக் மட்டும் இருந்தால் இறக்கும் அபாயம் 34 சதவீதம் குறையும். ஆசனப்பட்டி மட்டும் இருந்தால் 50 சதவீதம். இரண்டும் இருந்தால் 61. இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நூறு பேர் இறந்திருக்கக்கூடிய மோதல்களில், பை மட்டும் இருந்தால் 66 பேர் இறப்பார்கள். பட்டி மட்டும் இருந்தால் 50 பேர். இரண்டும் இருந்தால் 39 பேர். பட்டி போட்டவருக்குப் பை மேலும் 11 உயிரைத் தருகிறது. பை இருக்கிறதே என்று பட்டியைக் கழற்றியவர் 27 உயிரைத் தொலைக்கிறார். 2017ஆம் ஆண்டை மட்டும் எடுத்தால், அமெரிக்காவில் ஆசனப்பட்டி காப்பாற்றியது ஏறத்தாழ 15,000 பேரை; முன்பக்க எயார் பேக்குகள் ஏறத்தாழ 2,800 பேரை.

ஸ்டியரிங்கின் நடுவில் ‘எஸ்.ஆர்.எஸ்.’ என்று மூன்று எழுத்துப் பொறித்திருப்பார்கள். அதில் முதல் எழுத்துக்குப் பொருள் ‘துணை’. பட்டிதான் காவலாளி, பை அவனுக்கு ஒத்தாசைக்கு வந்தவன். கார் செய்தவர்களே ஸ்டியரிங்கில் எழுதி ஒட்டிய இந்த உண்மையை விற்பவர்கள் சொல்வதில்லை, வாங்குபவர்கள் கேட்பதில்லை.

பட்டியில்லாத பை என்ன செய்யும் என்பதையும் அமெரிக்கா கசப்பாகத்தான் படித்தது. 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக மோதல்களில் எயார் பேக் விரிந்த வேகமே காரணமாக அங்கே 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பட்டி போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள். குழந்தைகள் பலர். பிரேக் பிடித்தபோதே முன்னால் சரிந்து, பை வெடித்துக் கிளம்பும் இடத்திலேயே முகத்தைக் கொண்டுபோய் வைத்தவர்கள். இவற்றில் பெரும்பாலானவை 1998க்கு முந்திய தயாரிப்புக் கார்களில் நடந்தவை. பிறகு பைகளின் வேகத்தைக் குறைத்தார்கள். ஆனாலும் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் 25 சென்டிமீற்றராவது இருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. கொழும்பில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டும் எத்தனையோ பேர் இந்த அளவை ஒருநாளாவது அடிமட்டம் வைத்துப் பார்த்தால் நல்லது.

2022 செப்டெம்பர் 4ஆம் திகதி அகமதாபாத்திலிருந்து மும்பை திரும்பிய மெர்சிடிஸ் கார் ஒன்று பால்கர் மாவட்டத்தில் பாலத்துச் சுவரில் மோதியது. டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அதில் பின்னாசனத்தில் இருந்தார். விலையுயர்ந்த கார், பைகளுக்குக் குறைவில்லை. முன்னாசனத்தில் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் பிழைத்தார்கள். பின்னாசனத்தில் பட்டி போடாமல் இருந்த மிஸ்திரியும் நண்பரும் இறந்துபோனார்கள். பணக்காரக் காரின் பின்னாசனம் பாதுகாப்பானது என்ற எண்ணம் தெற்காசியா முழுவதற்கும் பொது. நம்மிடமும் அது உண்டு. ‘பின்னுக்குத்தானே, என்னத்துக்குப் பெல்ட்?’ என்று கேட்காத வீடு குறைவு.

இலங்கையில் முன்னாசனப் பட்டி கட்டாயமானது 2011 ஒக்டோபரில். அடுத்த மாதமே தெற்கு அதிவேகப் பாதை திறந்தது. அதற்குப் பிறகு பொலிஸைக் கண்டதும் பட்டியை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்ளும் ஒரு தனிக் கலையும் வளர்ந்தது. கொக்கியில் மாட்டுவதில்லை, பிடித்துக்கொள்வதோடு சரி. அதிவேகப் பாதையில் பயணிகள் எல்லோரும் பட்டி போட வேண்டும் என்ற அறிவிப்பு வர 2025 ஆகிவிட்டது.

இனி, பை எதைச் செய்யாது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வேலைநாள் மாலையில் வரும் காரை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, புறக்கோட்டையில் நின்று, காலி வீதியில் 100, 101 பஸ்களோடு முட்டிமோதி வந்து சேர்வதற்குள் பொறுமைதான் முதலில் விபத்துக்குள்ளாகும். பட்டி போட்டவருக்குப் பை விரிவதற்கு, அசையாத சுவரில் மணிக்குச் சுமார் 25 கிலோமீற்றர் வேகத்தில் மோதிய அளவு அதிர்ச்சி வேண்டும். நின்றிருக்கும் இன்னொரு காரில் மோதினால் ஏறத்தாழ அதைப்போல இருமடங்கு வேகம். ஆகவே நகரத்துக்குள் பம்பர் நசுங்கி, ஹெட்லைட் உடைந்து, பை விரியாமல் இருப்பது பெரும்பாலும் கோளாறு அல்ல. அதன் வேலையே அது. பின்னாலிருந்து இடித்தாலும் முன்பக்கப் பை வராது. பக்கவாட்டில் இடித்தால், அதற்கென்று தனிப் பை இருந்தால்தான் உண்டு. காலை எந்த முன்பக்கப் பையும் காப்பதில்லை. எயார் பேக் வந்தபிறகு, முன்பெல்லாம் பிணவறைக்குப் போயிருக்கக்கூடியவர்கள் உடைந்த கணுக்காலோடும் தொடையெலும்போடும் எலும்பு வைத்தியரிடம் வரத் தொடங்கினார்கள். அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய வரம்பு ஒன்று. 2020இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கையின்படி இலங்கை வீதிகளில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 பேர் இறக்கிறார்கள், 8,000 பேர் கடுமையாகக் காயமடைகிறார்கள். இவர்களில் பெரும்பாலானவர்கள் நடந்து போனவர்கள், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் போனவர்கள். பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். முச்சக்கர வண்டிகள் 11 லட்சத்துக்கு மேல். அவர்களுக்கு எந்த ஸ்டியரிங்கிலிருந்தும் எதுவும் விரியாது. எயார் பேக்கைப் பற்றிப் பேசுவது கார் வைத்திருப்பவர்களின் கவலையைப் பேசுவதுதான் என்று யாராவது குறை சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கார் ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று இரவோடிரவாக யாழ்ப்பாணம் போகிறது. ஓட்டுகிறவர் பகல் முழுக்கக் கடையில் நின்றவராக இருப்பார். எதிரே லொறி வரும். நகரத்தில் பத்து வருடம் சும்மா கிடந்த பைக்கு வேலை வருமானால் அந்த வீதியில்தான் வரும்.

வந்தால் அது இருக்குமா?

முதலில் வாகனங்களையே பார்ப்போம். 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களை மோதவிட்டுப் பார்த்தது: மாருதி ஆல்டோ 800, டாட்டா நானோ, ஹுண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. எயார் பேக் இல்லாத அடிப்படை வகைகள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூச்சியம். அதே போலோ, இரண்டு எயார் பேக் வைத்த வகையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆனால் ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றின் கூடும் அந்த மோதலைத் தாங்கவில்லை; பை வைத்தாலும் பெரிய பயன் இருக்காது என்றார்கள். கூடு நொறுங்கி ஸ்டியரிங்கே நெஞ்சுக்கு வந்துவிட்டால் பை எங்கே நிற்கும்? அந்த ஆல்டோதான் நம் நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு முதல் கார். ஓட்டோவிலிருந்து நான்கு சக்கரத்துக்கு ஏறிய சந்தோஷத்தில் யாரும் நட்சத்திரம் எண்ணவில்லை. எண்ணச் சொல்லி அரசும் கேட்கவில்லை.

பிறகு கேட்டது. 2018 ஜனவரியிலிருந்து, சாரதிக்கும் முன் பயணிக்கும் எயார் பேக், ஏ.பி.எஸ். பிரேக், முன்னும் பின்னும் மூன்று முனை ஆசனப்பட்டி இல்லாத கார்களை இறக்குமதி செய்ய முடியாது என்ற விதி வந்தது. இந்தியா சாரதி எயார் பேக்கைக் கட்டாயமாக்கியது 2019 ஜூலையில்தான்; இந்த ஒரு விடயத்தில் நாம் முந்தினோம். பாராட்ட வேண்டிய விதி. ஆனால் 2020 மார்ச்சில் இறக்குமதியே நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டு, இருந்த கார்களே கை மாறிக் கை மாறி ஓடின. அவற்றின் விலை ஏறியது. உதிரிப்பாகத்தின் விலை அதைவிட ஏறியது. பத்துப் பதினைந்து வயதான கார் இடிபட்டால் ஒதுக்கிவைக்காமல், எப்படியாவது எழுப்பி நிறுத்திவிட வேண்டும் என்ற கட்டாயம் எல்லோருக்கும் வந்தது.

எயார் பேக் ஒரு முறைதான் விரியும். விரிந்தபின் பை, குப்பி, சில கார்களில் பட்டியை இறுக்கும் கருவி, கணினிப் பெட்டி, பயணிப் பக்க டாஷ்போர்ட் மூடி என்று ஒரு பட்டியலே மாற்ற வேண்டும். பழைய சிறு காரொன்றில் இந்தச் செலவு டிங்கரிங், பெயின்ட் செலவை விழுங்கிவிடும். இங்கேதான் குறுக்குவழி புகுகிறது. பையை வெட்டி எடுத்துவிட்டு, மூடியை ஒட்டிப் பூசி, விளக்கு எரியாமலிருக்க ஒரு சின்ன மின்தடையைக் கம்பியில் பொருத்திவிடுவது. அல்லது விளக்கையே கழற்றுவது. கொஞ்சம் கெட்டிக்காரக் கராஜ்காரர் அதை வேறொரு விளக்கின் கம்பியோடு சேர்த்துவிடுவார். சாவி போட்டதும் எரியும், எஞ்சின் ஓடியதும் அணையும், பார்த்தவருக்குத் திருப்தி. உலகம் முழுக்க நடக்கும் மோசடி இது. நமக்கென்று தனியாகக் கண்டுபிடித்தது அல்ல. பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஒரு காரை ஆணி முதல் எஞ்சின் வரை துண்டு துண்டாக வாங்கிவிடலாம் என்பார்கள். அந்தத் தெரு இல்லாவிட்டால் கொழும்பில் பாதி வாகனம் நின்றுபோகும். ஆனால் பாவித்த எயார் பேக் பாவித்த கண்ணாடியைப் போல அல்ல. அது எத்தனை வருடம் எந்த வெயிலில் கிடந்தது, நீரில் மூழ்கியதா என்பது வெளியே தெரியாது.

ஈரமும் வெப்பமும் குப்பிக்கு என்ன செய்யும் என்பதை டகாட்டா விவகாரம் காட்டியது. ஜப்பானிய நிறுவனமான டகாட்டா தன் குப்பிகளில் அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத குப்பிகளில், ஆண்டுக்கணக்கில் வெக்கையும் ஈரப்பதமும் ஏறி இறங்க, அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரியத் தொடங்கியது. குப்பியே வெடித்து, உலோகச் சில்லுகள் சாரதியின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாய்ந்தன. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி குப்பிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் நிறுவனம் திவாலானது. அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், ஹொண்டா சிட்டி காரில் சென்ற ஒரு கர்ப்பிணிக்கு. நம்முடையதைப் போலவே புழுங்கும் நாடு. ஹொண்டா, டொயோட்டா, நிசான், மஸ்டா எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நம் வீதிகளில் ஓடுபவையும் அவைதான். ரீகண்டிஷன் காருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. திரும்ப அழைக்கும் கடிதம் ஜப்பானில் இருந்த பழைய உரிமையாளரின் விலாசத்துக்குப் போகும். வெள்ளவத்தையில் நாலாம் கை உரிமையாளருக்கு அது வராது. செசி இலக்கத்தை எழுதிக்கொண்டு முகவர் நிறுவனத்திடமோ, தயாரிப்பாளரின் இணையத் தேடலிலோ அவரே பார்த்தால்தான் உண்டு. சில நிமிட வேலை.

மோசடியே இல்லாத, நல்ல காரிலும் நாமே கெடுத்துக்கொள்வது கொஞ்சம் இல்லை. ஆசனத்துக்குள் பக்கப் பை இருக்கும் காருக்கு இறுக்கமாக ரெக்ஸின் கவர் தைத்துப் போடுகிறோம். பை எந்த வழியால் வரும்? ஜீப்புக்கு முன்னால் இரும்புக் கம்பி வளைத்துப் பூட்டுகிறோம். மோதலை உணர வேண்டிய உணரியின் கணக்கு பிசகுகிறது. டாஷ்போர்டில் இடப்பக்கம் பிள்ளையார், கொச்சிக்கடை அந்தோனியார், சில கார்களில் இருவருமே. பக்திக்கு இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அவர்கள் நிற்பது பயணிப் பையின் மூடிமேல் என்றால், பை விரியும்போது முதலில் பறப்பவர்கள் அவர்கள்தான், அதுவும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தை நோக்கி. நடுவில் நகர்த்தி வைத்தால் கோபிக்க மாட்டார்கள். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, முன்னாசனத்தில் தாயின் மடியில் குழந்தை. தாய் பட்டி போட்டிருப்பார். குழந்தை இருக்கும் இடம், பை வந்து நிற்கும் இடம்.

அரசின் பங்குக்கு வருவோம். துறைமுகத்தில் எயார் பேக் உண்டா என்று பார்க்கும் அரசு, அதன் பிறகு அந்தக் கார் ஓடும் இருபது வருடமும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காருக்கு வருடாந்த வரி அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் போதும். 2008இல் தொடங்கிய இந்தப் புகைப் பரிசோதனை நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. வரிசையில் நிற்கிறோம், ஒருவர் புகைக்குழாயில் கம்பியைச் செருகுகிறார், எஞ்சினை உறுமவிடுகிறார், கணினி ஒரு தாளைத் துப்புகிறது. அந்த ஊழியர் எப்படியும் சாவியைத் திருப்பத்தான் வேண்டும். திருப்பும்போது அந்த விளக்கு எரிந்ததா, அணைந்ததா, எரிந்தபடியே நின்றதா, எரியவே இல்லையா என்று பார்த்து, அதே தாளில் ஒரு வரி அச்சடிக்கச் சொன்னால் போதும். புதிய நிலையமோ, புதிய கருவியோ, புதிய வரியோ வேண்டாம்.

அனுமதிப்பத்திரத்தை மறுக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சட்டம் போட்டால் காரியம் கெடும். மறுப்பு என்று வந்த அன்றே, விளக்கை ஏமாற்றும் கம்பிக்குக் கிராக்கி கூடும். ஏழைக் கார்க்காரர் மாட்டிக்கொள்வார், வசதியுள்ளவர் யாரையாவது பிடித்துத் தப்புவார். முதல் சில ஆண்டுகளுக்குத் தாளில் பதிந்தால் மட்டும் போதும். ஐந்து வருடத் தாளை வரிசையாக வைத்தால், எந்த வருடம் விளக்கின் நடத்தை மாறியது, அந்த வருடம் காருக்கு என்ன நடந்தது என்று வாங்க வருகிறவர் கேட்கலாம். விற்பவர் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஏமாற்றிய விளக்கை இது பிடிக்காது என்பது உண்மை. அதற்குக் காப்புறுதி நிறுவனங்களின் கையில் ஒரு நூல் இருக்கிறது. பை விரிந்த விபத்துக்கு நட்டஈடு கேட்டு வரும்போது அவர்களிடம் படம் இருக்கிறது, மதிப்பீட்டாளரின் குறிப்பு இருக்கிறது. மாற்றிய பையின் தொடரிலக்கமும் பற்றுச்சீட்டும் இல்லாமல் அந்தப் பகுதிக்குப் பணம் விடுவதில்லை என்று அவர்கள் முடிவெடுக்கலாம். பை விரிந்த கார்களின் செசி இலக்கங்களை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அனுப்பலாம். திணைக்களம் அதை உரிமை மாற்றப் பத்திரத்தில் காட்டலாம். கை மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பு காரோடு போகும், ஒட்டிப் பூசிய டாஷ்போர்ட் எவ்வளவு பளபளத்தாலும்.